காதர் பாய் பார்க்காமல் விட்ட படம்

வியாழக்கிழமை காலை ஆரோவிலுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. எங்கள் ரசிகர் குரூப்பில் காதர் பாயின் பெயரில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது, காலங்காத்தாலே யாரையோ வம்புக்கு இழுக்கிறார் என்று சிரித்துக்கொண்டேதான் போனைக் காதில் வைத்தேன். பேசியது அவர் இல்லை, அவர் மகள் ரஜியா. "எல்லாருக்கும் சொல்லிக்கிறேங்க. அத்தா விடியக்காலம் மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். எழுதிப் போடலாம்னு தான் பாத்தேன். இந்த குரூப்ல யாரும் எழுதக் கூடாதுன்னு அத்தா சொல்வாங்க. அதான் பேசறேன்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பஸ் கூனிமேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, மரக்காணத்துக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மீது என்று அப்போது தெரியவில்லை.

செருப்புக்கடை காதர் பாய் என்றால் மரக்காணம் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது. இளவயதில் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கடை போட்டு உட்கார்ந்தவர். ஆனால் இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பலர் அவரை வேறு விதமாக அறிந்தவர்கள். 'கரைகாவல்' என்று ஒரு படம் மூன்று பாகங்களாக வந்ததே, அதன் ரசிகர்களாக அவரோடு பழகியவர்கள். உப்பளத்துக் கூலியாள் சிங்காரம், கடத்தல்காரர்களிடமிருந்து தன் கரையைக் காக்கிற கதை அது. முதல் பாகத்தை எங்கள் ஊர் உப்பளத்திலேயே எடுத்தார்கள். அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு படம், எங்களுக்கு அது ஏறக்குறையக் குடும்ப விஷயம். எனக்கும் அவருக்கும் வேறு எந்த ஒட்டுறவும் இல்லை. நான் எக்கியார்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். ஆரோவிலில் ஒரு விருந்தினர் விடுதியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிங்காரம் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் கடைக்காரர், வாடிக்கைக்காரி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

பேச்சு ஆரம்பித்ததே சண்டையில்தான். செருப்பு வாங்கப் போயிருந்தேன். ஒரு ஜோடியை எடுத்து என் முன்னால் போட்டு, "இது சிங்காரம் போட்ட மாடலும்மா" என்றார். உப்பளத்தில் வெறுங்காலோடு நடந்தால் உப்பு பாதத்தை அறுத்துவிடும். பழக்கமில்லாத அந்த நடிகர் படப்பிடிப்பின் முதல் நாளே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, படக்குழுவில் ஒருவர் ஓடிவந்து இவர் கடையில் ஒரு ஜோடி வாங்கிப் போனாராம். அந்த ஜோடிதான் படம் முழுக்க நடித்தது என்பது காதர் பாயின் கட்சி. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "எந்த சீன்ல பாய்? உப்பு மேட்டு சண்டையில அவரு வெறுங்கால்ல தான நிக்கிறாரு?" என்றேன். "அப்போ செருப்பு வரப்பு மேல கிடக்கும். நல்லா பாரு." நானும் விடாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிடந்தது. மறுபடி கடைக்குப் போய்ச் சொன்னபோது, "ரெண்டும் கிடந்துச்சா?" என்று கேட்டார். ஒன்றுதான் தெரிகிறது என்றேன். "இன்னொண்ணு கேமராவுக்கு வெளிய கிடக்குது" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவரோடு படம் பார்க்கப் போனவர்களுக்கு ஒரு விஷயம் மறக்காது. எங்களுக்குத் தியேட்டர் என்றால் திண்டிவனம்தான். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருப்போம். முதல் பாகத்தில் எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, கடைசிக்குக் கடைசியாக, மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் நன்றி என்று ஒரு வரி வரும். அதைப் பார்க்காமல் எழுந்தால் காதர் பாய் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். துடைப்பத்தோடு நிற்கும் அம்மா எங்களைத் திட்டித் தீர்ப்பார். மூன்றாம் பாகம் வேறு ஊரில் எடுத்தது. அதில் எங்கள் பெயர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்துவிட்டேன். "உக்காரும்மா" என்றார். "நம்ம பேரு வராது பாய், இது வேற ஊரு" என்றேன். "இதுல பேரு வர்றவங்களும் வேல செஞ்சவங்க தான? அவங்க ஊர்லேர்ந்து எவனாச்சும் ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன் தனியா உக்காரணுமா?" என்றார். உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று யார் யார் பெயரையோ கடைசி எழுத்து வரை படித்தேன்.

குரூப்பில் யாரும் எழுதக் கூடாது, குரலில்தான் பேச வேண்டும் என்ற சட்டம் எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நானும் ஒரு காரணம். இரண்டாம் பாகம்தான் மூன்றிலும் மட்டம் என்று ஒருமுறை எழுதினேன். ஒருவன் பதிலுக்கு, பொம்பளைக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்து, அச்சில் போட முடியாததை எல்லாம் எழுதினான். நானும் குப்பத்துக்காரி, திருப்பி எழுதக் கை பரபரத்தது. அதற்குள் காதர் பாயின் குரல் வந்தது. "தம்பி, நீ எழுதினத அப்படியே வாயால பேசி அனுப்பு. உன் வீட்ல எல்லாரும் இருக்கறப்போ பேசி அனுப்பு." அவன் அனுப்பவில்லை. அன்றிலிருந்து அதுவே சட்டமானது. "வாயால சொல்ல கூச்சமா இருக்கறத கையால அடிக்காதீங்கப்பா" என்பார். குரூப்பில் திட்டு குறைந்தது. இருமலும், தும்மலும், பின்னால் கேட்கும் குக்கர் விசிலும் கூடிவிட்டன. ஒருவரை ஒருவர் பார்க்காதவர்களுக்குக்கூட யார் வீட்டில் குழந்தை அழுகிறது என்பது தெரிந்தது.

போன மழைக்காலத்தில், உப்பளத்தில் வேலை நின்றிருந்த நேரத்தில், அந்தச் செய்தி வந்தது. 'கரைகாவல்' படங்களை எடுத்த தயாரிப்பாளர் வயதாகிவிட்டது என்று படத்தின் பெயர், கதை, சிங்காரம் என்கிற பாத்திரம் உட்பட எல்லாவற்றையும் வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். நாலாம் பாகம் எடுக்கப் போகிறார்கள், ஆனால் சிங்காரமாகப் புது நடிகர் வருவார் என்று கம்பெனி அறிவித்தது. பழைய மூன்று பாகங்களும் இனி அவர்களுடைய ஆப்பில் மட்டும்தான். இணையத்தில் ஆங்காங்கே இலவசமாகக் கிடந்த பிரதிகள் எல்லாம் காணாமல் போயின. காதர் பாய் வைத்திருந்த சிடியோ கீறல் விழுந்து, உப்பு மேட்டு சண்டைக்கு முன்னாலேயே நின்றுவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடை திறப்பதற்கு முன்னால், எல்லோரும் செருப்புக்கடையில் கூடினோம். பெருமுக்கல்லில் இருந்து வேன் ஓட்டும் சேகர் வந்தான். எங்களில் மிகத் தீவிரமான ரசிகன் அவன். தன் பிள்ளைக்கே சிங்காரம் என்று பெயர் வைத்தவன். வந்ததும் வராததுமாகக் கத்தினான். "நம்ம சிங்காரத்த வித்துட்டாங்க பாய்! ஆட்ட மாட்ட விக்கிற மாதிரி வித்துட்டாங்க!"

"பேர தான்டா வித்தாங்க. ஆளு எங்கயும் போவல" என்றார் காதர் பாய்.

"எங்க இருக்கான் சொல்லுங்க?"

"உன் வேன்ல தான். முன் கண்ணாடில, பின் கண்ணாடில, டீசல் டேங்க்ல. எங்க பாத்தாலும் ஒட்டி வெச்சிருக்கிற."

எல்லோரும் சிரித்தோம். சேகர் சிரிக்கவில்லை. அவன் தீர்மானம் இதுதான்: புது நடிகரைப் போடுகிற கம்பெனிக்குப் பாடம் கற்பிக்க வேண்டும். பழைய நடிகர் திரும்ப வரும் வரை அவர்கள் ஆப்பில் நாம் யாரும் எந்தப் பாகத்தையும் பார்க்கக் கூடாது. மற்ற ஊர் ரசிகர்களும் இப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள் என்றான். இளைஞர்கள் கைதட்டினார்கள்.

காதர் பாய் எதிர்த்தார். "நாம பாக்கலன்னா நமக்கு கோவம்னு அவங்களுக்கு எப்படிடா தெரியும்? ஆளே இல்லன்னு தான் தெரியும். என் கடைக்கு ஒரு வாடிக்க வரலன்னா, அவன் என் மேல கோவமா இருக்கானா, ஊர்லயே இல்லையான்னு எனக்கு எப்படி தெரியும்? நான் அவன் சைஸ வாங்கறதையே நிறுத்திடுவேன். அவ்ளோ தான்."

"புது ஆளு சிங்காரமா நடிச்சா நீங்க பாப்பீங்களா பாய்?"

"போட்டு நடந்து பாத்தா தான தெரியும்? கடிச்சா கழட்டிடலாம். அட்டப்பெட்டியிலேயே வெச்சி இது கடிக்கும்னு சொன்னா நான் எப்படி யாவாரம் பண்றது?"

நான் அவர் பக்கம். அவரைவிடச் சத்தமாகவே பேசினேன். அதனால் அவருக்கு ஆதரவு கூடவில்லை, குறைந்திருக்கலாம். கடைசியில் ஓட்டுக்கு விட்டோம். எங்கள் ஓட்டைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்களே. தீர்மானத்தை ஏற்பவர்கள் படிக்கு வலப்பக்கம் செருப்பைக் கழற்றி விட வேண்டும், மறுப்பவர்கள் இடப்பக்கம். நடுவில் செருப்பு வாங்க வந்த ஒரு அம்மா, விஷயம் தெரியாமல் தன் செருப்பை எங்கள் ஓட்டுக்குள் கழற்றிவிட்டு உள்ளே போக, எண்ணியவன் குழம்பினான். காதர் பாய் எட்டிப் பார்த்து, "அத எடுத்து வெளிய வைடா, அது ஓட்டு இல்ல, யாவாரம்" என்றார். ஊரில் யார் காலில் எந்தச் செருப்பு என்று தெரிந்தவரிடம் கள்ள ஓட்டு நடக்காது. கூட்டத்தின் செருப்புகள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் குவிந்து கிடந்தன. இடப்பக்கம் கிடந்தவை கொஞ்சம். கடைக்காரர் என்பதால் உள்ளேயே நின்றிருந்த காதர் பாய், ஒரு ஜோடியைக் கையில் எடுத்துவந்து எங்கள் பக்கம் வைத்துவிட்டு, "சரி, தோத்தாச்சு. டீ சொல்லுங்கப்பா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முட்டாள் கூட்டத்தில் இனி நான் இல்லை என்று எழுந்தேன். "உக்காரு தங்கச்சி. ஜெயிச்சா எவன் வேணா உக்காருவான்" என்றார். உட்காரவில்லை, வந்துவிட்டேன். குரூப்பிலிருந்து மட்டும் விலகவில்லை. அன்று சாயங்காலமே எல்லோருக்கும் கேட்கும்படி குரல் அனுப்பினேன். "நான் பாக்கத் தான் போறேன். யாரு என்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க." சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பாகங்களையும் பார்த்தேன். சேகர் என்னைத் துரோகி என்றான். கடைக்குப் போனபோது காதர் பாயிடம் நானே கேட்டேன், நீங்களும் பார்க்க வேண்டியதுதானே, நாம் இருவரும் ஒரே கட்சிதானே என்று. "நீ வெளிப்படையா சொல்லிட்டு பாத்த, அது உன் இஷ்டம். நான் தோத்தாச்சுன்னு ஒத்துக்கினு டீ சொல்லிட்டேனே. தோத்தவன் வீட்டுக்குப் போயி கதவ சாத்திக்கினு பாத்தா, அப்புறம் எதுக்கும்மா ஓட்டு?" என்றார். விதண்டாவாதம் என்று எனக்குத் தோன்றியது. இன்னமும் பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

கோடையில், உப்பளத்தில் மறுபடி வேலை மும்முரமாக இருந்த நாளில், கம்பெனி நாலாம் பாகத்தைக் கைவிட்டது. பழைய பாகங்களைத் தமிழில் யாரும் எதிர்பார்த்த அளவுக்குப் பார்க்கவில்லை, எனவே இப்போதைக்கு இல்லை என்று அவர்கள் ஆள் ஒருவர் எங்கோ பேட்டி கொடுத்தார். எங்கள் குரூப் பார்க்காததால் ஒரு பெரிய கம்பெனி முடிவை மாற்றிக்கொள்ளும் என்று நினைக்க நான் பைத்தியம் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் இப்படி ஒரு குரூப், ஒவ்வொன்றிலும் ஒரு சேகர். எல்லோரும் சேர்ந்து அந்தப் படத்தை எவ்வளவு நேசித்தோமோ அவ்வளவு கச்சிதமாகக் கொன்றோம். சேகர் முதலில் அதை வெற்றி என்றே நினைத்தான். பெருமுக்கல்லில் வெடி போட்டு, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து குரூப்பில் அனுப்பினான். அதற்குக் காதர் பாய் அனுப்பிய பதில் உங்களில் பலரிடம் இருக்கும். "போடுங்கடா போடுங்க. உங்க ஊர்ல சாவுக்கும் வெடி தான போடுவாங்க."

அப்போதே அவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். கடையை ரஜியா பார்த்துக்கொண்டாள். உப்பே சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை என்னிடம் சொல்லி, "மரக்காணத்துல பொறந்தவன் கிட்ட சொல்ற வார்த்தையா இது?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். ரஜியாவின் அம்மா உள்ளே போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். கால் வீங்கி, தன் கடையில் இருப்பதிலேயே பெரிய செருப்புகூட நுழையாமல் வெறுங்காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரஜியா என்னிடம் நியாயம் கேட்டாள். "பாருங்கக்கா. முதல் பாகத்த ஒரே ஒரு தடவ பாக்கணும்னு ரெண்டு நாளா சொல்லிக்கினே இருக்காங்க. சிடி ஓடல. என் போன்ல அந்த ஆப் இருக்குது, போட்டுத் தரேன்னா வேணாங்கறாங்க. யாருக்கு தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்மா" என்றார் அவர்.

"அந்த ஓட்ட இன்னும் யாரு பாய் வெச்சிக்கினு இருக்கா?" என்று நானும் அதட்டினேன். "நாலாம் பாகமே இல்லன்னு ஆயிப்போச்சு. இன்னும் என்னா?"

"அந்தத் தடைய எடுக்கச் சொல்லு. மறுபடி கூடி, பாக்கலாம்னு ஓட்டு போடச் சொல்லு. அப்ப பாக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நானா போய் கேக்க மாட்டேன். சீக்காளி கேட்டா எல்லாரும் பரிதாபப்பட்டு செருப்ப இந்தப் பக்கம் வுட்ருவாங்க. அது ஓட்டு இல்ல" என்றார். நான் குரூப்பில் சொல்கிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அப்புறம், கடைக்கு வருகிறவர்களிடம் விலை பேசும்போது வரும் அந்தக் கள்ளப் பார்வை வந்தது. "தங்கச்சி, பாக்கக் கூடாதுன்னு தான ஓட்டு? கேக்கக் கூடாதுன்னு ஓட்டு போடலையே. நீ தான் பாத்துட்ட இல்ல. சொல்லேன்."

அப்படித்தான் நான் அவருக்கு முதல் பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். விடிகாலை, உப்பளம், பாத்தியில் தண்ணீர் என்று தொடங்கியதுமே தடுத்தார். "இல்ல இல்ல. முதல்ல சத்தம் தான். உப்ப வார்ற சத்தம். அப்புறம் தான் படம்." சரி என்று திரும்பத் தொடங்கினேன். சிங்காரத்தின் அம்மா பேசும் வசனத்தை நான் தப்பாகச் சொல்லத் திருத்தினார். உப்பு மேட்டு சண்டையை, வெட்கத்தை விட்டு, எழுந்து நின்று கையைக் காலை ஆட்டியே காட்டினேன். ரஜியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செருப்ப சொல்லல" என்றார். செருப்பையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் கட்டில் சட்டத்தில் பின்னணி இசையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

நடுவில் நாலாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவரே எடுப்பதாக இருந்தால் எப்படி எடுத்திருப்பார் என்று கேட்டேன். எடுத்த எடுப்பில் பதில் சொன்னார், ரொம்ப நாளாகவே யோசித்து வைத்திருக்க வேண்டும். "முதல் சீன்லேர்ந்து அவன் உப்பு வாரணும். மூணு படத்துல ஒரு நாள் கூட அவன் வேல செய்யலம்மா. சண்ட போட்டான், பாட்டு பாடினான், ஒரு கூடை உப்பு தூக்கல. வேலக்கி வந்தா புது மூஞ்சியா இருந்தா என்னா, நம்ம ஆளுங்க சேத்துக்குவாங்க." இதைச் சேகரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்ல வுட்டானா அவன்?" என்றார். பிறகு, "நல்ல பையன் தான். கோவம் ஜாஸ்தி. அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

சிங்காரத்தின் தம்பியே கடத்தல் படகில் நிற்கிறான் என்று தெரிகிற இடத்துக்கு வந்தேன். அண்ணன் கரையில், தம்பி படகில், இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். காதர் பாய் கையைத் தூக்கினார். "இன்டர்வல். அசந்து போச்சும்மா. மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கிழம சொல்லு." வரும்போது வறுத்த கடலை வாங்கிவரச் சொன்னார், தனக்கு இல்லை, எனக்கும் ரஜியாவுக்கும். இடைவேளை என்றால் யாராவது எதையாவது கொறிக்க வேண்டுமாம். அது நடந்தது ஞாயிறு. வியாழக்கிழமை அவர் இல்லை.

அடக்கத்துக்கு ஆண்கள் போனார்கள். நான் பெண்களோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் குரூப்பில் இருந்தவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். சேகர் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. அவர் கடைசியாக அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டதையும், ஓட்டுக்காகப் பார்க்காமல் விட்டதையும் ரஜியா யாரையும் குற்றம் சொல்லாமல் சொன்னாள். வாக்கு வாங்கியவரே போன பிறகு நானும் எதையும் மறைக்கவில்லை. சேகர் அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான் பாத்துட்டேங்க. ஓட்டு போட்ட மாசமே பாத்துட்டேன். புள்ள கேட்டான்னு போட்டேன், அப்புறம் நானே எத்தினி தடவ பாத்தேன்னு தெரியாது." கூட வந்தவர்களில் ஒருவன் மெதுவாக, தானும் என்றான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று வந்திருந்தவர்களில், ஓட்டுப் போட்டு ஜெயித்த ஒருவர்கூட அதைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது தோற்றவர் ஒருவர்தான். பஸ் நிறுத்தத்தில் எனக்கு யார் மீது கோபம் என்று அப்போது தெரிந்தது. அவர் மீதும்தான். யாரும் மதிக்காத ஒரு முடிவை மதித்துக்கொண்டு, ஆசைப்பட்ட ஒரே படத்தை வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பிடிவாதத்தின் மீது. ஒரு குரல் பதிவில் முடிந்திருக்கும். 'டேய், எனக்குப் பாக்கணும் போல இருக்குடா' என்று ஒரே ஒரு பதிவு.

போன வாரம் குரூப் கூடியது. கடையில் கூடுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. எக்கியார்குப்பத்தில் எங்கள் அண்ணன் வலை வைக்கும் கொட்டகையில் கூடினோம். தடையை நீக்கலாமா என்று கேட்டதற்கு எதிர்ப்பே இல்லை. காதர் பாய் நினைவாக முதல் பாகத்தைத் திரை கட்டிப் போடுவது என்றும், கடைசி எழுத்து வரை எல்லோரும் உட்காருவது என்றும் முடிவானது. சேகரும் நானும் அதைச் சொல்ல ரஜியா வீட்டுக்குப் போனோம். கேட்டுக்கொண்டாள். டீ கொடுத்தாள். "நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதறது வீட்டு விசயம். சினிமா உங்க விசயம். நல்லபடியா போடுங்கண்ணா, அத்தா சந்தோசப்படுவாங்க" என்றாள். எழுந்தோம். வாசல் வரை வந்தவள், சேகரைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இதே ஓட்ட போன மாசம் போட்டிருக்கக் கூடாதாண்ணா?"

சேகர் குனிந்து செருப்பைத் தேடினான். அந்தக் கேள்வியை உங்கள் எல்லோருக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் இந்த மலரில் எழுத ஒப்புக்கொண்டேன்.

கொட்டகையில் படம் போடும்போது நானும் வருவேன். இடைவேளை வரை உட்காருவேன். அதற்கு மேல் முடியுமா என்று தெரியவில்லை. காதர் பாயுடையது என்று என்னிடம் இருப்பது, அவருக்குச் சொல்லாமல் மிஞ்சிய அந்த இரண்டாம் பாதிதான். சிங்காரம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தம்பியை நோக்கிக் கடலுக்குள் இறங்குவான். அங்கிருந்து சொல்ல வேண்டும்.